கடந்த நான்கு கிழமைக்குள்

11.06.2024 செவ்வாய்

காலையில் வாசல் படலையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் ஒரு பெண்பிள்ளை வந்து இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டெப். பெயர் கம்சாயினி. புள்ளிவிபரக் கணக்கெடுப்பாம். பழுகாமத்தில் சில வீடுகளைக் குலுக்கி எடுத்ததில் எங்கள் வீடும் விழுந்ததாம்.

"எனக்கு இவ்வளவு காலத்தில குலுக்கலில விழுந்தது இதுதான்" என்றேன். சிரித்தாள்.

கதிரை போட்டுக் கொடுத்தேன். வீட்டில் எத்தனை பேர் என்றாள். மூன்று. நான் வினாயகமூர்த்தி, அறுபத்தெட்டு. மனைவி இரத்தினம்மா, அறுபத்திரண்டு. மகள் கஜானி, முப்பத்துநான்கு, கலைப்பட்டதாரி. கஜானி களுவாஞ்சிக்குடி நூலகத்துக்குப் படிக்கப் போயிருந்தாள். இரத்தினம்மா குசினிக்குள் நின்றாள்.

"அம்மாவையும் கூப்பிடுங்களன் ஐயா."

"தேவையில்ல. மூண்டு பேருக்கும் நானே சொல்லுவன். குடும்பத் தலைவர் நான்தானே?"

கடந்த ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது வருமானத்துக்கு வேலை செய்தீர்களா என்று முதலில் என்னைக் கேட்டாள். நான் சொன்னேன்: "இருபத்தேழு வருசம் குளத்து மதகில காவல் நிண்டன். நாட்சம்பளம். நிரந்தரமாக்குவம், பொறுங்க பொறுங்க எண்டு சொல்லியே அறுபது வயதில வீட்ட அனுப்பினாங்க. பென்சன் இல்ல. அதை எழுது."

"அதுக்கு இதில இடமில்ல ஐயா."

சரி. இரத்தினம்மா? "அவ வீட்டில சும்மா." குசினிக்குள் ஒரு மூடி விழுந்த சத்தம் கேட்டது.

பிறகு கஜானி. கடந்த நான்கு கிழமைக்குள், அதாவது இருபத்தெட்டு நாளுக்குள், வேலை தேட ஏதாவது முயற்சி எடுத்தாவா? விண்ணப்பம் போட்டு, விளம்பரம் பார்த்து, யாரிடமாவது கேட்டு?

"இல்ல. ஏன் எடுக்கணும்? மேன்முறையீடு பரிசீலனையில இரிக்கு. அரசாங்க நியமனம் வரும். காத்திருக்கிறா."

"அப்ப தேடல்ல."

"காத்திருக்கிறா எண்டு சொல்றன்."

"விளங்குது ஐயா. ஆனா இந்த நாலு கிழமைக்குள்ள ஒண்டும் செய்யல்லத்தானே?"

"செய்யல்ல."

தட்டினாள். இப்போது என் மகள் எந்தக் கணக்குக்குள் வருகிறாள் என்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். விடவில்லை.

"தொழிற்படைக்கு வெளிய ஐயா."

"வேலையில்லாத ஆள் எண்டு வராதா?"

"வேலையும் இல்லாம, தேடிக்கொண்டும் இருந்தாத்தான் வேலையற்றவர்."

"வெளிய எண்டா, ஆரோட?"

"வீட்டு வேலை பாக்கிறவங்க, நோய் வருத்தக்காரங்க, வயது போனவங்க…"

"என்னோட."

"ஓம் ஐயா."

ஏழு வருடம் வேலைக்காகக் காத்திருக்கும் பட்டதாரி வேலையற்றவர் இல்லையாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்கூட்டி, ஒரு டெப், ஒரு சம்பளம்.

12.06.2024 புதன்

புள்ளிவிபரத் திணைக்களத்துக்கு மனு எழுதி முடித்தேன். மூன்று பக்கம். பொருள்: காத்திருத்தலும் ஒரு முயற்சியே.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் போனவன். மிச்சத்தை வர்த்தமானியிலும் அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களிலும் நானே படித்தேன். அதனால் கந்தோர்காரரின் மொழியில் அவர்களுக்கே திருப்பி எழுத வரும்.

கஜானி வாசித்துப் பார்த்தாள். "அப்பா, இது ஆள் ஆளாப் பாக்கிற கணக்கில்ல. நாட்டு விகிதம் எடுக்கிறது. உங்கட மனு ஒண்டையும் மாத்தாது."

"ஒரு ஆள் பிழையா விழுந்தா விகிதமும் பிழைதானே? நீ தேடல்ல எண்டு பதிஞ்சிட்டா அந்தப் புள்ள."

"நீங்கதானே சொன்ன" என்றாள். கடிதத்தை மடித்துத் தந்துவிட்டுப் போனாள்.

ஏன் தேடாமல் இருக்கிறாள்? நான்தான் தேடவேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் யாருக்காவது இலக்கம் இருந்தால் பெயரை வெட்டினார்கள். ஊரில் ஈ.பி.எப். நம்பர் என்பார்கள். எந்தக் கடையோ கம்பனியோ ஒரு மாதம் முறையாகப் பதிந்து சம்பளம் கொடுத்தாலும் அந்த நம்பர் விழுந்துவிடும். விழுந்தால் நீ வேலையற்ற பட்டதாரி இல்லை. மேற்குத் தெரு நிலோஜன் மூன்று மாதம் போன் கம்பனியில் நின்றான். மூன்று மாதம்தான்! அவனோடு படித்தவர்கள் இன்று பிரதேச செயலகத்தில் விசிறிக்குக் கீழே இருக்கிறார்கள். அவன் ஓட்டோ ஓட்டுகிறான். அந்த முறை கஜானியின் பட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பத் தாமதித்துவிட்டார்கள், அதனால் பெயர் விடுபட்டது. மேன்முறையீடு போட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. அந்தக் கடிதம், எல்லாக் கடிதங்களையும் நான் கோத்து வைத்திருக்கும் கோவையில் முதலாவதாக இருக்கிறது.

வயதெல்லை முப்பத்தைந்து. ஒக்டோபர் 19இல் அவளுக்கு முப்பத்தைந்து.

14.06.2024 வெள்ளி

அரசாங்க வேலை அறிவித்தல்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்தது. நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

20.06.2024 வியாழன்

காத்தான்குடி பக்கீர் வந்தான். பக்கத்து வளவில் கட்டும் வீட்டுக்குச் சீமெந்து இறக்க லொறியோடு வந்தவன். நான் காவல் நின்ற குளத்தில் மீன் எடுத்துச் சைக்கிளில் பெட்டி கட்டிப் போனவன், இன்றைக்கு ஹாட்வெயார் முதலாளி.

"மூர்த்தியண்ணன், உங்களுக்கு வயசு ஏறுதா இறங்குதா?"

"ஏறி முடிஞ்சுது. இனி இறக்குறதுக்கு நாலு பேர் வேணும்."

தேத்தண்ணி குடித்தபடி விஷயத்துக்கு வந்தான். கடையில் பில் போட, போன் எடுக்க, கொழும்புக் கம்பனிகளுக்குக் கடிதம் எழுத ஒரு படித்த பிள்ளை வேண்டுமாம். "உங்கட மகள் வீட்டிலதானே? அனுப்புங்களன். எங்கட புள்ளயப் போலப் பாத்துக்குவம். ஈ.பி.எப். எல்லாம் முறையாக் கட்டுறன், கள்ள வேல இல்ல."

அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

"கட்டாம இருப்பியா?"

"அல்லாவே! நான் கட்டாட்டி லேபர் கந்தோரில என்னக் கட்டிப் போடுவாங்க."

"அப்ப வேணாம். அவளுக்கு அரசாங்க வேலை வருது."

"அவட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்க அண்ணன்."

"நான் சொல்றதுதான் அவ சொல்றதும்."

கஜானி நூலகத்தில். வந்ததும் சொல்லவில்லை. எதற்குச் சொல்வது? இல்லாத ஆசையை மூட்டவா?

28.06.2024 வெள்ளி

வர்த்தமானி. ஒன்றுமில்லை.

19.07.2024 வெள்ளி

காத்திருத்தல் பற்றிய மனுவுக்குப் பதில் வந்தது. "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது." ஒரு வரி. அவர்களின் காகிதம் என்னுடையதைவிட நல்ல காகிதம்.

இப்படியே விட்டால் மேன்முறையீடும் தூங்கும். ஓர் அத்தாட்சியைச் சேர்க்கவேண்டும். கஜானிக்கு ஈ.பி.எப். நம்பர் இல்லை, இவள் ஒருநாளும் வேலை செய்யவில்லை என்று அரசாங்கமே எழுதித் தரவேண்டும். அதை முன்வைத்தால் எவன் மறுப்பான்? அடுத்த மாதம் நடமாடும் சேவை வருகிறது. எல்லாத் திணைக்களமும் ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போடும்.

கோரிக்கைக் கடிதம் எழுதி அவளிடம் நீட்டினேன். கையெழுத்துக்கு நான் நீட்டுவதை அவள் வாசிப்பதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான். கையெழுத்து வைத்தாள்.

08.08.2024 வியாழன்

நடமாடும் சேவை. மூன்று மணித்தியாலம் வரிசை. தொழில் திணைக்கள மேசையில் ஒரு கண்ணாடிக்காரர். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவவுக்கு நம்பர் இருக்கே ஐயா."

பிழை, இன்னொருக்கால் அடியுங்கள் என்றேன். அடித்தார். இலக்கத்தை ஒவ்வொன்றாக நானே சொன்னேன். அவளுடைய இலக்கம் எனக்கு மனப்பாடம்.

"பிழையில்ல ஐயா. ரெண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூன். ஒரு தையல் பெக்டரி. நாலு மாசம் கட்டியிருக்காங்க."

திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு வாசிக்கத் தெரியும். இன்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

பின்னால் நின்றவன், "பெரியவர், முடிஞ்சா தள்ளுங்க" என்றான்.

பஸ் ஏறவில்லை. நடந்தே வந்தேன். 2022 ஜூன். மட்டக்களப்பில் சிநேகிதி வீட்டில் நின்று கொம்பியூட்டர் படிக்கப் போவதாகச் சொன்னாள். சான்றிதழ் இருந்தால் நியமனத்துக்கு நல்லதென்று நான்தான் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். நான்தான் ஏற்றினேன்!

09.08.2024 வெள்ளி

கேட்டேன். முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, ஓம் என்றாள். ஒளிக்கவில்லை. இரத்தினம்மாவுக்கும் தெரியுமாம்.

"அந்த வருசம் ஒரு பால்மாப் பெட்டிக்கு ஊரே வரிசையில நிண்டிச்சு அப்பா. நம்மட வீட்டுத் தேத்தண்ணியில பால் இரிந்திச்சு. எங்கால வந்ததெண்டு நீங்க ஒரு நாளும் கேக்கல்ல."

கேட்கவில்லைதான். பிள்ளை படிக்கிற இடத்தில் ஏதோ கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனா? குடித்தேன், அவ்வளவுதான்.

"ரெண்டு வருசம்! வெள்ளிக்கு வெள்ளி வர்த்தமானி பாக்க நான் சைக்கிள் மிதிச்சன். ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மறுகா என்னத்தப் பாக்கப் போவீங்க?"

இரத்தினம்மா குறுக்கே வந்தாள். "விடுங்க. புள்ளயப் போட்டுக் கொல்லாதீங்க." விடவில்லை. உன் பெயர் வெட்டுப்பட்டதை மறைத்து நூலகத்தில் என்ன படிக்கிறாய் என்று கேட்டேன்.

நூலகத்துக்கு எப்போதாவதுதான் போகிறாளாம். மற்ற நாட்களில் வேலை கேட்டுத் திரிகிறாளாம்.

"அந்தக் கணக்கெடுப்புப் புள்ள நாலு கிழமைக்குள்ள என்ன செய்தீங்களெண்டு கேட்டிச்சாமே. என்னட்டக் கேட்டிரிந்தா நான் சொல்லியிரிப்பன்" என்று தொடங்கினாள். களுவாஞ்சிக்குடியில் பாமசி, போன் கடை. தேற்றாத்தீவில் ஒரு பாலர் பாடசாலை. அங்கே வயது குறைந்த பிள்ளைதான் வேண்டுமாம். மட்டக்களப்பில் ஒரு பினான்ஸ் கம்பனி, இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கடன் அறவிட மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியுமா என்று கேட்டார்களாம். பட்டத்தைக் காட்டினால் கூடப் படித்துவிட்டாய் என்கிறார்களாம். காட்டாவிட்டால் என்ன படித்திருக்கிறாய் என்கிறார்களாம்.

"எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான் அப்பா. ஏழு வருசமா என்ன செய்தீங்க? நான் என்ன சொல்ல? அப்பாவோட சேர்ந்து காத்திரிந்தனெண்டா?"

  விதியை நானா போட்டேன்? அவர்கள் போட்டார்கள். நான் பிழை செய்யவில்லை.

பக்கீர் வந்து கேட்டது நெஞ்சில் நின்றது. வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

17.08.2024 சனி

காத்தான்குடிக்குப் போனேன். என் சீவியத்தில் ஒருவரிடம் போய் வேலை கேட்டது இல்லை. மதகு வேலைக்கும் அவர்களாகத்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

கடைக்குள் நல்ல குளிர். பில் போடும் இடத்தில் ஒரு பிள்ளை, கொம்பியூட்டரில் பார்த்துக்கொண்டே இரண்டு பேருக்குப் பதில் சொன்னாள். ஸுஹைனாவாம், ஏறாவூர்.

பக்கீர் பிளேன்டீ எடுப்பித்தான். "நீங்க வேணாமெண்ட மறு கிழமையே இந்தப் புள்ளய எடுத்திட்டன் அண்ணன். நல்ல கெட்டிக்காரி."

"இன்னொரு ஆளுக்கு இடமிருக்காதா?"

"ரெண்டு ஆள் வெச்சிருக்கிற யாவாரமா இப்ப? வீடு கட்டுறவன் எல்லாம் அத்திவாரத்தோட நிக்கான்."

எழும்பும்போது சொன்னேன், "ஜூனில நீ கேட்டதை மகளிட்டச் சொல்லிராத."

பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப அவட்ட நீங்க கேக்கவே இல்லயா?"

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. ஒரு பொடியன் எழுந்து கொடுத்தான். வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தேன்.

03.09.2024 செவ்வாய்

கஜானிக்குத் தெரிந்துவிட்டது. வேலை கேட்டுத் திரிந்தவள் பக்கீர் கடைக்கும் போயிருக்கிறாள். யாரும் அனுப்பவில்லை, அவளாகவே போனாள். பக்கீருக்குப் பொய் வராது.

வந்து சாப்பிட்டாள். பீங்கானைக் கழுவி வைத்தாள். பிறகு நான் இருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"கடைக்காரர் எனக்காகக் கேட்டிரிக்கார்."

"ஓம்."

"நீங்க எனக்குப் பதிலாச் சொல்லியிரிக்கீங்க."

"ஓம். உன்ட நம்பர் விழுந்திரும் எண்டு."

"அது அப்பவே விழுந்து ரெண்டு வருசம் அப்பா. கெடுறதுக்கு ஒண்டும் மிஞ்சி இரிக்கல்ல."

"நீ சொல்லியிரிந்தா நான் ஓம் எண்டிரிப்பன்!"

"நீங்க கேட்டிரிந்தா நான் சொல்லியிரிப்பன்."

அழவில்லை. அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

04.09.2024 புதன்

கஜானி விடியவே வேலை கேட்கப் போய்விட்டாள்.

20.09.2024 வெள்ளி

தேர்தலுக்கு முதல் நாள். சந்தியில் பொடியன்மார், இனி எல்லாருக்கும் வேலை என்று கதைக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு இருபத்தைந்து வயதில் கேட்ட கதை, சொல்லும் குரல்தான் புதிது.

வர்த்தமானி பார்த்தேன். ஏன் பார்க்கிறேன்?

19.10.2024 சனி

கஜானிக்கு முப்பத்தைந்து.

இரத்தினம்மா சர்க்கரைப் புக்கை பொங்கி வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். கஜானி இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாள், தாய்க்காகத்தான். நான் கோவையை எடுத்து மேசையில் வைத்தேன், பிறகு திருப்பி உள்ளே வைத்தேன். இன்றைக்கு மட்டும் யாரும் தபால் கொண்டுவந்திருந்தால். சனிக்கிழமை யார் கொண்டுவருவான்?

12.11.2024 செவ்வாய்

மேன்முறையீட்டுக்குப் பதில். நான்கு வருடம் பரிசீலித்திருக்கிறார்கள். "வயதெல்லையைக் கடந்துள்ளமையால் தங்கள் விண்ணப்பத்தைக் கருத்திற்கொள்ள முடியாதென்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்."

யாருடைய மனம்?

27.11.2024 புதன்

வெள்ளம். வட்டை முழுக்க ஒரே தண்ணீர். வயலும் ஆறும் வேறு தெரியவில்லை. முற்றத்துக்கு ஏறி, வாசற்படிக்கு வந்துவிட்டது. நான் முதலில் அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தது கோவையை. பிறகுதான் அரிசி மூட்டைக்குப் போனேன். மூட்டையின் அடி நனைந்துவிட்டது. இரத்தினம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.  

20.01.2025 திங்கள்

கஜானி குவைத்துக்குப் போகிறாள். வீட்டு வேலைக்கு.

என்னிடம் கேட்கவில்லை. அறிவித்தாள். கடிதம் வந்தது போல.

முகவர் நிலையத்தின் படிவத்தை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். வாசித்தேன். கல்வித் தகைமை: சாதாரண தரம். பிழையாக எழுதியிருக்கிறாய் என்றேன்.

"பிழையில்ல. பட்டத்தை எழுத வேணாமெண்டாங்க. படிச்ச ஆளை அங்கத்த வீட்டுக்காரர் எடுக்கமாட்டாங்களாம். வாய் காட்டுவாங்களாம்."

"பொய்ப் படிவத்தில என்ட மகள் கையெழுத்து வைக்கமாட்டா."

"வெச்சிட்டன் அப்பா. இந்த முறை வாசிச்சுத்தான் வெச்ச."

13.02.2025 வியாழன்

மத்தியானம் வான் வந்தது. போகும்போது பட்டச் சான்றிதழை என் கோவைக்குள் வைத்துவிட்டாள். "இது இஞ்சயே கிடக்கட்டும். அங்க கொண்டுபோனா கழுவுற தண்ணியில நனையும்."

"வாறன்" என்றாள். நான் ஓம் என்றேனா, சொல்லவில்லையா? நினைவு வரவில்லை. இரத்தினம்மாவிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

21.03.2025 வெள்ளி

கஜானி குவைத்திலிருந்து போன் எடுத்தாள். வெள்ளியில்தான் போன் கையில் கொடுக்கிறார்களாம். நாலு பிள்ளைகள், ஒரு கிழவி. அவர்களின் பெரிய பையனுக்கு வீட்டுப்பாடம் விளங்கவில்லையாம். பார்த்தால் இவளுக்கு விளங்குகிறதாம். சொல்லிக் கொடுப்பதில்லையாம். "தெரிஞ்சா கேப்பாங்க, எப்பிடித் தெரியுமெண்டு."

இரத்தினம்மா வெளியே போய்விட்டாள். நான் போனைப் பிடித்தபடி வெயிலைப் பற்றிக் கேட்டேன்.

இன்று வர்த்தமானி பார்க்கப் போகவில்லை. மறந்துபோனது.

06.05.2025 செவ்வாய்

அவள் அனுப்புவதில் நான் தின்னமாட்டேன். இதை எழுதி வைக்கிறேன். இரத்தினம்மா தின்னட்டும், தாய். நான் உழைத்துத் தின்பேன். என் பங்கு மிஞ்சினால் அவளால் ஒரு வருடம் முந்தித் திரும்ப முடியும். கணக்கு அவ்வளவுதான்.

அரிசி ஆலைக்குப் போனேன். காவல் வேலை இருக்கா? ஆலைக்காரர் என் காலைப் பார்த்தார். "கள்ளன் வந்தா நீங்க ஓடுவீங்களா, அவன் ஓடுவானா?"

"அவன்தான் ஓடணும். நான் ஏன் ஓடணும்?"

சிரித்தார். வேலை இல்லை.

22.05.2025 வியாழன்

கோயிலில் வேலை கேட்டேன். தலைவர் கூட்டத்தில் கதைப்பாராம். பொறுங்க என்றார். இருபத்தேழு வருடம் கேட்ட சொல்.

05.07.2025 சனி

பக்கீரிடம் போனேன். இரும்புக் கம்பி அடுக்கும் வளவுக்கு ஒரு காவல்காரன் இருக்கிறானாம், அவன் வேலையை விட்டால் பார்க்கலாமாம்.

"கூப்பிடுறன் அண்ணன்."

"கூப்பிடாத. நானே வந்து கேப்பன்."

ஸுஹைனா எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாள். இருந்தேன்.

02.08.2025 சனி

போனேன். பக்கீரின் வளவில் அந்தக் காவல்காரன் இன்னும் வேலையை விடவில்லை. திரும்பும் வழியில் ஆரையம்பதியில் இறங்கி இரண்டு கடையில் கேட்டேன். ஒருவன் அறுபது தாண்டியவரை எடுப்பதில்லை என்றான். மற்றவன் என்னைப் பிச்சைக்காரன் என்று நினைத்துச் சில்லறை எடுக்க மேசை லாச்சியைத் திறந்தான். வேலைதான் கேட்கிறேன் என்றேன். வெட்கப்பட்டுப்போனான், பாவம்.

19.08.2025 செவ்வாய்

அதே பிள்ளை, கம்சாயினி, மறுபடி வந்தாள். போன வருடம் எடுத்த வீடுகளில் சிலதைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். என்னை ஞாபகம் இருக்கிறதாம்; மனு எழுதிய ஐயா என்று கந்தோரில் சொல்வார்களாம்.

"வீட்டில எத்தனை பேர் ஐயா? போன முறை மூண்டு."

"மூண்டு."

"மகள் இருக்காங்களா?"

"குவைத்தில. பெப்ரவரியில போனவ."

விரலில் எண்ணினாள். "ஆறு மாசம் தாண்டிட்டு. இனி இந்தக் கணக்கில வரமாட்டாங்க ஐயா."

"தொழிற்படைக்கு வெளியயா?"

"இல்ல. வெளிய எண்டு போடுறதுக்கும் இந்த வீட்டில இருக்கணும். அவங்கட பேரே வராது."

வரும், எழுது என்றேன். எழுத ஏலாது என்றாள். அவள் பட்டதாரி என்றேன். தெரியும் ஐயா என்றாள். அவள் தேடினாள், போன முறை நான்தான் இல்லையென்று சொன்னேன், அதைத் திருத்து என்றேன். அந்த வருடத்துக் கணக்கு முடிந்து அனுப்பியாயிற்றாம். விரலால் ஒரு தட்டு. கஜானியின் வரி போனது.

பிறகு என்னைக் கேட்டாள். கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேட ஏதாவது முயற்சி எடுத்தீர்களா?

எல்லாம் சொன்னேன். பக்கீர் வளவு, ஆரையம்பதிக் கடைகள். கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் தொடங்க முடியுமா? இன்றைக்கே என்றேன்.

"அப்ப நான் எதுக்குள்ள வாறன்?"

"வேலையற்றவர் ஐயா. தொழிற்படைக்குள்ள வாறீங்க."

இருபத்தேழு வருடம் மதகில் நின்றபோது ஏறாத என் பெயர், அறுபத்தொன்பது வயதில் அவர்களின் தொழில் கணக்கில் ஏறியது.

"அம்மாவுக்கும் நீங்களே சொல்றீங்களா?"

"இல்ல. குசினிக்குள்ள நிக்கிறா. அவட்டயே கேளு."

கூப்பிட்டேன். இரத்தினம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் படலைப் பக்கம் பார்த்தேன்.

நான்கு கிழமைக்குள் வேலை தேடினீர்களா அம்மா?

"ஓம்."

திரும்பிவிட்டேன்.

"பள்ளிக்கூடத்தில புள்ளயளுக்குச் சோறு சமைக்க ஆள் தேவையாம். அதிபர்ட்டப் போய்க் கேட்டன். ரெண்டு தரம்."

"என்ன சொன்னாங்க?"

"வயசு கூடவாம். திரும்பவும் கேப்பன்."

"கிடைச்சா உடனே போவீங்களா?"

"போவன் புள்ள. கஜானி பள்ளிக்குப் போற காலத்திலயே ஒருக்கா ஆள் கேட்டவங்க. அப்பவும் எனக்குப் போக ஆசை. அதை எழுத இதில இடமிரிக்கா?"

"இல்லம்மா."

"அப்ப விடு. மற்றதைக் கேளு."

கேட்டாள். இன்னும் ஏழெட்டுக் கேள்வி இருந்தது. இரத்தினம்மா ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துச் சொன்னாள். சிலது எனக்குத் தெரியாத பதில். நான் இடையில் கதைக்கவில்லை.